அழிவுக்குக் காரணம் உண்டா?

மட்பாண்டம் ஒன்று தடியால் அடிபட்டு உடையும்போது, அதன் அழிவுக்குத் தடி காரணமா, அல்லது அழிவு என்பது பாண்டம் தோன்றிய கணத்திலேயே அதனுள் அமைந்துவிட்ட இயல்பா என்னும் வினாவை இந்திய மெய்யியலார் பல நூற்றாண்டுகள் விடாமல் விவாதித்தனர். பௌத்தருள் வசுபந்து தம் அபிதர்மகோச உரையில் அழிவுக்குக் காரணம் இல்லை என்று வாதிட்டார். காரணம் என்பது ஏதேனும் ஒன்றை உண்டாக்குவது. இன்மையோ உண்டாக்கத்தக்க பொருள் அன்று. ஆகவே இன்மையை விளைக்கும் காரணம் என்று ஒன்றைச் சொல்வது பொருந்தாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தருமகீர்த்தி இதை இன்னும் கூர்மையாக்கினார். அழியும் இயல்புடைய பொருள் அழிவதற்குப் பிறிதொன்றை எதிர்பார்ப்பதில்லை. அழியா இயல்புடைய பொருளை எதனாலும் அழிக்க இயலாது. எப்படிப் பார்த்தாலும் அழிக்கும் காரணம் ஒன்று வேண்டப்படுவதில்லை. எப்பொருளும் தோன்றிய கணத்திலேயே மறைகிறது என்னும் கணபங்கக் கொள்கைக்கு இந்த வாதமே தூணாக நின்றது.

நியாய மரபினராகிய நையாயிகர் இதை ஏற்கவில்லை. அழிவும் ஒரு விளைவுதான், தொடக்கம் உண்டு, முடிவு இல்லை, அவ்வளவே வேறுபாடு என்று அவர்கள் விடையிறுத்தனர். தமிழில் அழிவுபாட்டபாவம் என்று வழங்கும் இவ்வகை இன்மை, தடியாலோ தீயாலோ நீராலோ ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உண்டாக்கப்படுகிறது என்பது அவர்கள் நிலை. தமிழ்ச் சைவ சித்தாந்தமும் இந்த வழக்கில் ஒதுங்கி நிற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சௌத்திராந்திகர் முதலான பௌத்தப் பிரிவினரை எதிரில் நிறுத்தி வாதிடுகையில் கணபங்கத்தை மறுக்க அவ்வளவு இடம் ஒதுக்கியதன் காரணத்தை ஊகிப்பது கடினம் அன்று. பொருள்கள் தாமே அழியும் என்று ஒப்புக்கொண்டால், அழித்தல் என்னும் தொழிலுக்கும் அத்தொழிலைச் செய்யும் இறைவனுக்கும் தேவை இல்லாமற்போகும்.

இந்தப் பழைய வழக்கை மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்கு இன்று ஒரு புதிய சான்று கிடைத்திருக்கிறது. உயிரணுவுக்குள், அதாவது செல்லுக்குள், புரதங்கள் சிதைக்கப்படுவதைத் தடுத்து அதன் வழியே சில புற்றுநோய்களைக் கட்டுக்குள் கொண்டுவரும் மருந்துகள் 2003 முதல் மருத்துவத்தில் பயன்பட்டு வருகின்றன. எதையோ அழிக்காமல் விடுவதன் மூலம் ஒரு செல்லைச் சாகச் செய்வது இவற்றின் வழி. இது முரண்போலத் தோன்றினால், அழிவை உயிருக்குப் பகை என்றே எண்ணிப் பழகியதால்தான் அப்படித் தோன்றுகிறது.

உடலின் புரதங்கள் ஓயாமல் அழிந்து ஓயாமல் ஆக்கப்படுகின்றன என்னும் செய்தியே உயிரியலுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், வளர்ந்து முடிந்த உடல் பெரும்பாலும் நிலையான கட்டுமானம் என்றும், உண்ணும் உணவு அதில் எரிந்து தீரும் எரிபொருள் என்றும் கருதப்பட்டது. 1933-இல் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், நைட்ரஜன் அணுவின் கனமான வகையாகிய நைட்ரஜன்-15 ஏற்றப்பட்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். அமினோ அமிலம் என்பது புரதச் சங்கிலியின் ஒற்றைக் கண்ணி. எடை கூடாத, வளர்ச்சி முடிந்த எலிகளில் அந்த நைட்ரஜன் முழுவதும் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட பங்கு எலியின் சொந்தப் புரதங்களுக்குள் போய் அமர்ந்திருந்தது. எடை மாறாமல் புதிய கண்ணிகள் உள்ளே புகுந்தன என்றால், பழையவை அதே அளவில் வெளியேறியிருக்க வேண்டும். 1941-இல் அவர் இறந்தபின், 1942-இல் வெளிவந்த அவரது சிறு நூல் உடற்பொருள்களின் இந்த இயங்கு நிலையைத்தான் பேசியது. வளர்ந்த மனித உடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 300 கிராம் புரதம் இவ்வாறு சிதைந்து மீண்டும் ஆக்கப்படுகிறது என்று இன்று கணக்கிடப்படுகிறது. உணவில் வரும் புரதத்தைவிட இது மிகுதி.

இதுவரை கேட்டால் பௌத்தர் மகிழ்ந்திருப்பார். நிலைத்தது என்று தோன்றிய உடல் ஒரு தொடரோட்டமே என்று தெரிந்துவிட்டதல்லவா? ஆனால் 1953-இல் மெல்வின் சிம்ப்சன் கண்ட ஒரு செய்தி வழக்கை வேறு திசைக்குத் திருப்பியது. எலியின் கல்லீரல் துண்டுகளில் புரதம் சிதைவதை அளந்த அவர், செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தால் சிதைவும் குன்றுவதைக் கண்டார். வேதியியல் நோக்கில் இது விளங்காத புதிராக இருந்தது. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குவதற்குத்தான் ஆற்றல் செலவாகும். கோத்ததை நீர்சேர்த்துப் பிரிக்கும்போது ஆற்றல் வெளிப்படவே செய்யும். இரைப்பையில் பெப்சின் என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், உண்ட புரதத்தை எந்த ஆற்றல் செலவும் இன்றிச் சிதைக்கிறது. அப்படியிருக்க, தானே சரிந்து விழக்கூடிய ஒன்றை வீழ்த்துவதற்குச் செல் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

1955-இல் கிறிஸ்டியன் டெ டூவ் கண்டறிந்த லைசோசோம் என்னும் அமிலப் பை, செல்லுக்குள் செரிமானம் நடக்கும் ஓரிடத்தைக் காட்டியது என்றாலும் புதிர் தீரவில்லை. 1977-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க்கும் ஜோசப் எட்லிங்கரும், லைசோசோம் இல்லாத முதிராச் சிவப்பணுக்களின் சாற்றிலும் பிழையான புரதங்கள் சிதைவதையும், அதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டியிருப்பதையும் காட்டினர். ஹைஃபா நகரின் டெக்னியான் நிறுவனத்தில் அவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரன் சிகனோவரும், ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் இருந்த இர்வின் ரோஸுடன் சேர்ந்து, அதே வகைச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து அந்த ஆற்றல் எங்கே போகிறது என்று தேடினர். 2004-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்ட விடை, ஆற்றல் சிதைப்பதற்காகச் செலவாகவில்லை, எதைச் சிதைப்பது என்று தெரிந்தெடுப்பதற்காகச் செலவாகிறது என்பதாகும். 76 அமினோ அமிலங்களால் ஆன யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம், மூன்று வகை நொதிகள் கைமாற்றிக் கொடுக்க, அழிய வேண்டிய புரதத்தின் மேல் ஒட்டப்படுகிறது. முதல் நொதி ஏடிபியைச் செலவழித்து யுபிக்விட்டினை வினைக்கு ஆயத்தம் செய்கிறது. இரண்டாவது அதை ஏந்திச் செல்கிறது. மூன்றாவது வகை, மனிதரில் அறுநூறுக்கும் மேற்பட்டவை, எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று இனங்காண்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பொதுவாக நான்கேனும் சேர்ந்து சங்கிலியானபின் அப்புரதம் புரோட்டியசோம் என்னும் பெரிய கூட்டமைப்பினால் பற்றப்படுகிறது. புரோட்டியசோமின் நடுப்பகுதி ஏழேழு உறுப்புகள் கொண்ட நான்கு வளையங்கள் அடுக்கிய உருளை. அறுக்கும் இடங்கள் ஆறும் உருளையின் உட்குழிவில் மறைந்திருக்க, இரு முனை வாயில்களும் இயல்பாக மூடியே கிடக்கின்றன. முனையில் அமர்ந்த தொப்பி போன்ற பகுதி யுபிக்விட்டின் சங்கிலியை அடையாளம் கண்டு, அதைக் கழற்றித் திரும்பவும் பயன்படுமாறு வெளியே விட்டுவிட்டு, மடிந்து உருண்டிருந்த புரதத்தை ஏடிபியின் வலுவால் பிரித்து ஒற்றை இழையாக்கி உள்ளே செலுத்துகிறது. மறுபுறம் வெளிவருபவை சில கண்ணிகளே நீளமுள்ள துணுக்குகள். சாவின் முத்திரையாகிய யுபிக்விட்டின் சாவதில்லை என்பதும், அறுப்பதற்கு அன்றி உள்ளே செலுத்துவதற்கே ஆற்றல் செலவாகிறது என்பதும் இதில் கவனத்துக்குரியவை.

இனி வழக்குக்குத் திரும்பலாம். செல்லுக்குள் நிகழும் அழிவுக்குக் காரணங்கள் உண்டு, அவை ஒரு வரிசையில் கூடினால் அன்றி அழிவு நிகழாது, அந்தக் கூட்டத்துக்கு ஆற்றல் விலையும் உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. p53 என்னும் புரதம் (புற்றுநோயைத் தடுக்கும் காவற்புரதங்களுள் முதன்மையானது) இயல்பான செல்லில் ஏறக்குறைய இருபது நிமிடங்களே இருக்கிறது. கண்வில்லையின் நடுவில் உள்ள கிரிஸ்டலின் புரதங்களோ குழந்தை பிறப்பதற்கு முன் உண்டானவை, மனிதர் சாகும்வரை மாற்றப்படாமல் அப்படியே கிடக்கின்றன. அழிவு பொருளின் இயல்பு மட்டுமே என்றால் இவ்விரண்டுக்கும் இடையே இவ்வளவு வேற்றுமை ஏன் என்று நையாயிகர் கேட்கலாம், கேட்பது நியாயமும் ஆகும். p53 விரைந்து மறைவதற்குக் காரணம் அதன்மேல் யுபிக்விட்டினை ஒட்டும் நொதி ஒன்று எப்போதும் அருகில் இருப்பதே. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ், தன் புரதம் ஒன்றை அனுப்பி வேறொரு ஒட்டும் நொதியை p53-இன் மேல் ஏவிவிட்டே அக்காவலைத் தகர்க்கிறது. கண்வில்லையின் நடுச்செல்களில் புதுப்பிக்கும் கருவிகள் எல்லாம் ஒழிந்துபோனதால் கிரிஸ்டலின் நிலைத்து நிற்கிறது. அந்த நிலைப்பேற்றின் பயன், முதுமையில் அவை திரண்டு ஒளியை மறைக்கும் கண்புரை.

ஆனால் பௌத்தர் தோற்றுவிட்டார் என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். தடி பானையின் இன்மையை உண்டாக்கவில்லை, ஓடுகளைத்தான் உண்டாக்குகிறது என்பது அவர்கள் முன்பே சொல்லிவைத்த விடை. பானையின் தொடர் நின்று ஓடுகளின் தொடர் தொடங்குகிறது. தடி இந்தப் புதிய தொடருக்குக் காரணமே தவிர, அழிவு என்று தனியே ஒன்றுக்குக் காரணம் அன்று. புரோட்டியசோமின் வாயிலில் நின்று பார்த்தால் இது முற்றிலும் சரி. அங்கே இன்மை என்று எதுவும் வெளிவருவதில்லை. துணுக்குகள் வெளிவருகின்றன, அவை அமினோ அமிலங்களாகி அடுத்த புரதத்தில் சேர்கின்றன. எனவே இன்றைய உயிர்வேதியியல், அழிவுக்குக் காரணம் உண்டா என்பதில் நையாயிகர் பக்கமும், அழிவின் விளைவு யாது என்பதில் பௌத்தர் பக்கமும் நிற்கிறது. இரு தரப்பும் இதை விரும்பியிராது.

மருந்தின் கதை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. நெடுநாள் நோயாளிகளின் தசை கரைந்துபோவதற்குப் புரோட்டியசோமின் மிகையான வேலை காரணம் என்று எண்ணிய கோல்ட்பெர்க், அதைத் தடுக்கும் பொருள் தசையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் 1993-இல் மயோஜெனிக்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கக் காரணமாக இருந்தார். அங்கே வேதியியலர் ஜூலியன் ஆடம்ஸ் உருவாக்கிய சேர்மம், இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தது போன்ற சிறு உடலும் அதன் நுனியில் ஒரு போரான் அணுவும் கொண்டது. போர்டிசோமிப் என்பது அதன் பெயர். தசையைக் காக்கத் தேடிய பொருள் ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்களைக் கொல்வது தெரிந்தபோது நோக்கம் மாறியது. 2002-இல் வெளியான முதற்கட்ட மனிதச் சோதனையில், பிளாஸ்மா செல் புற்றுநோய்க்குப் பல மருந்துகள் கொடுத்தும் பயன்படாத, மதிப்பிடத்தக்க ஒன்பது நோயாளிகளுள் ஒருவரிடம் நோயின் தடயம் முழுவதும் மறைந்து அந்நிலை நீடித்தது. அடுத்த கட்டத்தில் மதிப்பிடப்பட்ட 193 பேரில் 35 விழுக்காட்டினரிடம் பயன் தெரிந்தது. 2003 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் அதே வகையைச் சேர்ந்த கார்ஃபில்சோமிப் 2012-இலும், வாய்வழி உட்கொள்ளும் இக்சாசோமிப் 2015-இலும் வந்தன.

இந்திய தருக்கத்தில் தடை என்னும் பொருளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சுடும் இயல்புடைய தீ, மணியாலோ மந்திரத்தாலோ மருந்தாலோ தடுக்கப்பட்டால் சுடாது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டு, அதன் பொருள் என்ன என்பதில் பிரிந்தனர். தீயின் உருவமும் ஒளியும் மாறாதிருக்க, சுடுதல் மட்டும் நின்றது ஆதலின், உருவத்துக்கு வேறாக ஆற்றல் என்று ஒரு பொருள் உண்டு, தடைப்பட்டது அதுவே என்றனர் வேத விளக்க மரபினராகிய மீமாஞ்சகர். அப்படிக் காணாப் பொருள் ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை, தடை இல்லாமையும் காரணக் கூட்டத்தில் ஓர் உறுப்பு, அந்த உறுப்புக் குறைந்தால் விளைவு வராது என்றனர் நையாயிகர். மணியும் மந்திரமும் இருக்கட்டும். மருந்து இப்போது கையில் இருக்கிறது. போர்டிசோமிப் பிணைந்த புரோட்டியசோமின் படிக அமைப்பு 2006-இல் வெளியிடப்பட்டது. இருபத்தெட்டு உறுப்புகளும் சிதையாமல், உருளை உருளையாகவே நிற்கிறது. அறுக்கும் இடங்களின் முனையில் உள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தின் ஆக்சிஜன் அணுவோடு மருந்தின் போரான் அணு பிணைந்து, அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. மீமாஞ்சகர் சொன்னபடி உருவம் மாறவில்லை, செயல் மட்டும் நின்றது. ஆயினும் நின்றதற்கு விளக்கமாக மறைந்த ஆற்றல் எதையும் கற்பிக்கத் தேவையில்லாதபடி, தடை எந்த அணுவில் அமர்ந்தது என்றே காட்ட முடிகிறது. தடையின்மையும் காரணமே என்னும் நையாயிகர் கூற்றுக்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. தடுக்க முடிகிற ஒன்று செயலாகத்தான் இருக்க முடியும். தானே நிகழும் மறைவை மருந்தால் நிறுத்த இயலாது; செய்யப்படும் அழிவையே நிறுத்த இயலும்.

அழிவை நிறுத்தினால் உயிர் நீள வேண்டும் என்பதே பொது எண்ணம். மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோயில் நடப்பது நேர்மாறு. எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களின் தொழில் எதிர்ப்புரதங்களைச் சுரப்பது. ஒரு செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுரக்க வல்லது. அந்தச் செல் வகையில் ஒன்று கட்டின்றிப் பெருகினால், ஒரே எதிர்ப்புரதம் இரத்தத்தில் குவிகிறது, எலும்பு அரிக்கப்படுகிறது, சிறுநீரகம் பழுதுபடுகிறது. இவ்வளவு வேகமாகப் புரதம் ஆக்கும் செல்லில் சரியாக மடியாதவையும் மிகுதி. அவற்றைப் பிழையென்று இனங்கண்டு வெளியே இழுத்துப் புரோட்டியசோமிடம் ஒப்படைப்பது அச்செல்லின் ஓயாத வேலை. பிளாஸ்மா செல்லாக முதிரும்போது புரோட்டியசோமின் திறன் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. சுமை ஏறும்போதே சுமப்பவர் தொகை இறங்குகிறது. இந்நிலையில் மருந்து புரோட்டியசோமைத் தடுத்தால், மடியாத புரதங்கள் தேங்கி, செல் முதலில் ஆக்கத்தைக் குறைத்துப் பார்க்கிறது, பின்னர் மடிப்புக்கு உதவும் புரதங்களைக் கூட்டிப் பார்க்கிறது, இரண்டும் போதாதபோது தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் வழியில் இறங்குகிறது. இதனோடு வேறு காரணங்களும் உண்டு. செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஒரு சமிக்ஞைப் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் காவல் புரதம் அழியாமல் நிற்பதும் அவற்றுள் ஒன்று. ஆயினும் மிகுதியாக ஆக்குவது மிகுதியாக அழிப்பதைச் சார்ந்தே நிற்கிறது என்னும் இந்தக் காரணமே, ஏனைய செல்கள் பிழைக்க இவை மட்டும் சாவதை நன்கு விளக்குகிறது.

சைவ மரபினர் இங்கே சங்காரத்தை நினைப்பது இயல்பு. ஐந்தொழிலில் அழித்தல் என்பது பிறவிதோறும் உழன்று களைத்த உயிர்களின் இளைப்பை ஆற்றுவது என்றே சிவஞான சித்தியார் விளக்குகிறது. அது சினத்தின் செயல் அன்று, அருளின் செயல். அழித்தலின்றிக் காத்தல் இல்லை என்று மைலோமா செல் காட்டுவதைக் கண்டு, நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது எளிது. அது சித்தாந்தத்துக்கும் நீதி செய்யாது, உயிரியலுக்கும் நீதி செய்யாது. சித்தாந்தம் பேசும் அழிவின் பயன் உயிருக்கு உரியது, அதை நோக்கிச் செய்பவன் ஒருவன் உளன்; புரோட்டியசோமில் நிகழும் அழிவின் பயன் செல்லுக்கு உரியது, அதை நோக்கிச் செய்வோர் எவரும் அங்கில்லை. நொதி இனங்காண்கிறது என்று எழுதுவதெல்லாம் மொழிச்சுருக்கம். இரண்டு பரப்புகள் வடிவால் பொருந்துகின்றன என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

வேறுபாடு இதைவிட ஆழமான ஓர் இடத்திலும் இருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதற்சூத்திரத்திலேயே, உலகை ஒடுக்குபவனே உலகுக்கு முதல்வன் என்று வாதிடுகிறது. எல்லாம் ஒடுங்கும்போது ஒடுங்காமல் நிற்பவன் எவனோ அவனிடமிருந்தே மீண்டும் தோற்றம் நிகழ முடியும் ஆதலின், அழிப்பவன் அழியாதவனாக இருந்தாக வேண்டும். செல்லில் அப்படி அழியாத அழிப்பான் இல்லை. பழுதான புரோட்டியசோம் உறையொன்றால் சூழப்பட்டு லைசோசோமில் சேர்க்கப்பட்டுச் செரிக்கப்படுகிறது. லைசோசோமும் பழுதானால் வேறு லைசோசோமுக்கு இரையாகிறது. எதுவும் கடைசியாக நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றை அழிக்க, அழிப்பனவும் புதிதாக ஆக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. புரோட்டியசோம் தடைப்படும்போது புதிய புரோட்டியசோம்களை ஆக்குமாறு மரபணுக்களைத் தூண்டும் புரதம் ஒன்று உண்டு. அது இயல்பான காலத்தில் புரோட்டியசோமாலேயே அழிக்கப்பட்டுவிடும். அழிப்பான் ஓய்ந்தால் அது பிழைத்து, புதிய அழிப்பான்களை வரவழைக்கிறது. சித்தாந்தி இதற்கு விடையாக, இவையெல்லாம் சடப்பொருள், இவற்றைக் கூட்டி இயக்குபவனைப் பற்றியே எங்கள் வாதம் என்பார். அந்த விடை நிற்கக்கூடியதே. ஆனால் செல்லைச் சான்றுக்கு அழைத்துவந்து அதைக் காட்ட முடியாது; செல், தன்னைத் தாங்க அழியாத ஒன்று வேண்டும் என்று எங்கும் சொல்வதில்லை.

மருத்துவத்தின் பக்கத்தில் இன்னொரு சிக்கல். போர்டிசோமிப் தடுக்கும் புரோட்டியசோம் புற்றுச் செல்லுக்கு மட்டும் உரியது அன்று. நோயாளியின் ஒவ்வொரு செல்லிலும் அதே உருளைதான். மருந்தின் இலக்கில் நோய்க்கும் உடலுக்கும் வேற்றுமை இல்லை, அதைத் தாங்கும் அளவில்தான் வேற்றுமை. ஆகவே தடை முழுமையாக விதிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட முறைப்படி, 21 நாள் சுற்றில் 1, 4, 8, 11 ஆகிய நாள்களில் ஊசி போடப்படுகிறது. இரு ஊசிகளுக்கு இடையே போரான் பிணைப்பு விட்டு, இயல்பான செல்களில் புரோட்டியசோம் மீள்கிறது. அப்படியும் பல நோயாளிகளுக்குக் கால்விரல்களிலும் கைவிரல்களிலும் மரத்துப்போதலும் எரிச்சலும் உண்டாகின்றன. உடையின் உராய்வே வலியாவதும் உண்டு. இரத்தக்குழாயில் செலுத்துவதற்குப் பதிலாகத் தோலுக்கடியில் செலுத்தினால் இது குறைவதாக 2011-இல் வெளியான ஒப்பாய்வு காட்டியதால் அம்முறையே இன்று பெருவழக்கு. நன்மைக்கு ஒரு பொருள், தீமைக்கு வேறு பொருள் என்று உலகைப் பிரித்துக் காணும் சமயச் சிந்தனைக்கு இங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. புற்றுச் செல் தீய பொருளால் ஆனது அன்று. எல்லாச் செல்களுக்கும் உள்ள தேவையே அதில் அளவிறந்து நிற்கிறது. திடக் கட்டிகள் பலவற்றில் இம்மருந்து பெரிதும் பயன்படாமற்போனதும், அந்தத் தேவை அங்கே இவ்வளவு முற்றி இராததோடு பொருந்துகிறது.

அழிவைத் தடுக்கும் மருந்தோடு அழிவை ஏவும் மருந்தும் இதே நோய்க்கு இருப்பது, இந்த வரலாற்றின் விந்தையான பகுதி. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கமருந்தாக விற்பனைக்கு வந்து, கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டு, பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தபின் 1961-இல் விலக்கப்பட்ட தாலிடோமைடு, 1999-இல் மைலோமாவுக்குப் பயன்படுவதாகத் தெரியவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அது செரிப்ளான் என்னும் புரதத்தோடு பிணைகிறது என்று கண்டனர். செரிப்ளான், யுபிக்விட்டினை ஒட்டும் நொதிக் கூட்டங்களுள் ஒன்றின் இனங்காணும் உறுப்பு. தாலிடோமைடின் வழித்தோன்றலான லெனலிடோமைடு, செரிப்ளானின் பரப்பைச் சற்றே மாற்றி, அது இயல்பாகப் பற்றாத இக்காரோஸ், ஐயோலோஸ் என்னும் இரு புரதங்களைப் பற்றச் செய்கிறது; மைலோமா செல் பிழைக்க அவை இன்றியமையாதவை, புரோட்டியசோமில் அவை சிதைந்தால் செல் சாகிறது. தாலிடோமைடு அதே வழியில் கருவின் உறுப்பு வளர்ச்சிக்கு வேண்டிய வேறொரு புரதத்தை அழிக்கச் செய்தது என்பது 2018-இல் வெளிப்பட்டது. அழிக்கும் கருவியும் அதே, ஏவிய வழியும் அதே. எந்த உடலில், எந்த வாரத்தில் என்பதே மருந்தையும் கேட்டையும் பிரித்தது.

தருக்க நெறிப்படி நோக்கினால் போர்டிசோமிபும் லெனலிடோமைடும் ஒன்றையொன்று பயனற்றதாக்க வேண்டும், ஏனெனில் லெனலிடோமைடு குறிவைத்த புரதங்களைச் சிதைக்க வேண்டிய புரோட்டியசோமையே போர்டிசோமிப் நிறுத்துகிறது. தடை இருந்தால் விளைவு இல்லை என்பதுதானே நையாயிகர் விதி. ஆனால் மருத்துவமனைகளில் இவ்விரண்டும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டோடு சேர்த்து ஒரே நோயாளிக்கு ஒரே சுற்றில் கொடுக்கப்படுகின்றன. 2017-இல் வெளியான ஒப்பாய்வில், லெனலிடோமைடும் டெக்சாமெத்தசோனும் மட்டும் பெற்றவர்களிடம் நோய் மீளாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 30 மாதங்களாகவும், போர்டிசோமிபும் சேர்த்துப் பெற்றவர்களிடம் 43 மாதங்களாகவும் இருந்தது. தடை அரைகுறையாகவும் சில நாள்களுக்கு மட்டுமாகவும் விதிக்கப்படுவதால் ஏவலுக்கு இடைவெளி கிடைக்கிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம். மணியை அருகில் வைத்தால் தீ சுடாது, எடுத்தால் சுடும் என்று இரண்டே நிலைகளில் வாதிட்ட தருக்க நூல்கள், பாதி தடைப்பட்ட தீயைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.